அம்மா எந்தப் பக்கம் பார்த்து எழுவாள்?

மாமா மலையிலிருந்து இறங்கி வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஜீப்பு எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்பே பச்சை ஏலக்காயும் ஈரச்சாக்கும் கலந்த வாசம் வாசலுக்கு வந்துவிடும் என்று இன்றைக்கும் சாதிப்பேன். அதெப்படி என்று கேட்பவர்கள் போடியில் பிறக்காதவர்கள். அம்மாவின் தம்பியான அவர், குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் காய் உலர்த்தும் "ஸ்டோரை"ப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். அம்மா காய்ச்சலில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயது.

அப்பாவும் மாமாவும் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். பிறகு மாமா, கிறிஸ்து ஏற்கெனவே திரும்பி வந்துவிட்டார் என்று நம்பும் பகாய் சமயத்துக்குப் போய்விட்டார். அதனால் மதியம் இலையில் குழம்பு விழுந்ததும் வேதமும் தொடங்கிவிடும்.

"எழுதுனது எழுதுனதுதான் மாப்ளே. ஆண்டவரு மேகத்து மேல வர்றாரு, கல்லறை தெறக்குது, செத்தவுக எந்திரிக்கிறாக. இதுல சுத்தி வளைக்க என்ன இருக்கு?" என்பார் அப்பா.

"மேகம்னா நம்ம கண்ண மறைக்கிறது மச்சான். அவரு திரும்ப வந்தாச்சு, நமக்குத்தான் தெரியல. கல்லறைன்னா மூடிக்கெடக்குற மனசு. அது தெறந்தா அதான் உயிர்த்தெழுறது" என்பார் மாமா.

நான் பாதித் தூக்கத்தில் படுத்தபடி, ஜன்னலுக்கு வெளியே மலையிலிருந்து வழிந்து இறங்கும் சாரல் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குள் ஏதோ வெளிச்சம் அசைவதுபோலத் தோன்றும். ஒருநாள் அந்த மயக்கத்திலேயே கேட்டுவிட்டேன்: "அப்ப அம்மா எந்திரிக்காதா மாமா?"

இருவரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். "அவ அந்தக் குழிக்குள்ள இல்ல ஆத்தா. வயித்துல இருக்க பிள்ளைக்கு இந்த மலை தெரியுமா? அந்த மாதிரி, நமக்குத் தெரியாத எடத்துல நல்லா இருக்கா" என்றார் மாமா. அன்று அவரை வெறுத்தேன். குழியென்றால் அதன் பக்கத்தில் போய் உட்காரலாம். தெரியாத இடத்துக்கு எந்த பஸ்சு போகிறது?

அப்பாவின் சொல்லையே பிடித்துக்கொண்டேன். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆண்டவர் கிழக்கிலிருந்து வரும்போது அவரைப் பார்த்தபடி எழ வேண்டுமென்று எங்கள் சபையில் கால் கிழக்கே இருக்கும்படி புதைப்பார்கள். நான் அறிந்த மேகமோ மேற்கே, குரங்கணிப் பக்கமிருந்துதான் வந்தது. எல்லோரும் மலைப்பக்கம் கூடியிருக்க, அம்மா மட்டும் வெறும் கிழக்கைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்பாளே என்று ஏங்கி அழுதேன். எதற்கும் வசனம் வைத்திருக்கும் அப்பா, இதற்கு என் தலையைத் தடவினார்.

அடுத்த ஞாயிறு மாமா வேரும் மண்ணுமாக ஓர் ஏலச்செடியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். மூவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அம்மாவின் தலைமாட்டில், மலைப்பக்கமாகக் குழி தோண்டி அவரே அதை நட்டார். "எந்திரிச்சா இந்த வாசத்துக்குத் திரும்பிப் பாப்பா" என்றார். அங்கே ஒருவரும் இல்லை என்று சொன்ன அதே வாய். போடி வெயிலில் ஏலம் பிழைக்காது என்பது அந்த இருவருக்கும் தெரியாததா? அப்பா குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார். அன்று மதியம் வேதம் பேசவில்லை. செடி சீக்கிரமே கருகிப்போனது.

இப்போது அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். மாமாவை மேலே மலையிலேயே அடக்கம் செய்தார்கள். வேதத்துக்காக அப்படிக் கத்திவிட்டு, ஒருவர் இலையில் மற்றவர் உரிமையோடு அப்பளம் எடுத்துக்கொள்ளும் அந்தச் சண்டை இல்லாமல் என் ஞாயிறுகள் அமைதியாகக் கழிகின்றன. இருவரில் யார் சொன்னது சரியென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. போனபோது அம்மாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை; எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அப்பா சொன்னபடியே அவள் எழுந்து வந்தாலும், ஏழு வயதுப் பிள்ளை ஒன்றைத் தேடி அங்குமிங்கும் பார்த்துவிட்டு, எதிரே நிற்கும் என்னிடம்தான் வந்து கேட்பாள்: "அக்கா, நீங்க யாரு?"