அறுபது நாள் கடிதம்

லாபு பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் ஃபைல் அறையைப் பார்த்துக்கொண்டேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆங்கிலத்தில் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அதற்கு மேல் வராது. ஆனாலும் ஒரு கடிதத்தைக்கூட நான் தவறான ஃபைலில் போட்டதில்லை. நில அலுவலகக் கடிதத்தின் தாள் பழுப்பு நிறம். தொழிற்சங்கக் கடிதத்தின் அடியில் இரண்டு கையெழுத்து இருக்கும். ரப்பர் ஆலையிலிருந்து வருவதில் தட்டச்சு எழுத்து ஒன்று எப்போதும் வரிக்கு மேலே ஏறி நிற்கும். தலைமை அலுவலகத்து உறையில் எது வந்தாலும், உள்ளே யார் எழுதியிருந்தாலும், அது தலைமை அலுவலக ஃபைலுக்குத்தான் போகும். ஏழு வருடம் கடந்ததை ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி பென்சிலால் குறித்துக் கொடுப்பார், நான் கொண்டுபோய் எரிப்பேன்.

சிப்பாங்கில் புது விமான நிலையம் திறந்த சமயத்தில் எங்கள் ஆபீசுக்கும் ஈமெயில் வந்தது. சிரம்பானில் கம்பெனியின் சர்வர் இருந்தது. அதில் வந்து விழுவதைப் பெரிய கிராணி கணினியில் படிப்பார், வேண்டியதை அச்செடுத்து என்னிடம் தருவார். எல்லாம் ஒரே வெள்ளைத் தாள், ஒரே எழுத்து. முத்திரை இல்லை, மை இல்லை. கண்ணைக் கட்டிவிட்டதுபோல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கிராணியிடம் கேட்டுக் கேட்டு ஃபைல் போட்டேன்.

என் மனைவியிடம் இருந்தது சிவப்பு அடையாள கார்டு, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள்தான். அவள் அப்பா பிறப்பைப் பதியவில்லை. தோட்டத்து மருந்தகப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. அரசாங்கம் தரும் மாற்று வீட்டுக்கு மனுப் போடப் போனால் இருவருக்கும் குடிமக்களுக்கான நீல கார்டு கேட்டார்கள். பிறந்ததற்கு ஆதாரம் இல்லை என்று குடியுரிமை நேர்காணலை இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டார்கள். அவள் பிறந்தபோது தோட்ட நிர்வாகத்தில் இருந்தவர் யாராவது எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் அதிகாரி.

அப்போது உதவி மானேஜராக இருந்த சின்னத் துரை பிறகு பெரிய துரையாகி, ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பெரிய கிராணிதான் அவருக்குக் கடிதம் எழுதி, தலைமை அலுவலகம் வழியாக அனுப்பிவைத்தார். ஒரு மாதம் கழித்து ஈமெயிலில் பதில் வந்தது. கிராணி என்னை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். நான் கேட்காமலே இரண்டாம் முறையும் படித்தார்.

“நேர்காணலுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. இப்பவே தாளா எடுத்து முத்திரை அடிச்சா தேதி பழசாயிடும். கிட்ட வரட்டும், மானேஜர்கிட்ட கையெழுத்து வாங்கித் தரேன். கம்ப்யூட்டர்ல இருக்கிறது எங்கப்பா ஓடிப் போவப் போவுது?”

வீட்டில் துரை எழுதிவிட்டார் என்று மட்டும் சொன்னேன். தாளைக் கையில் கொடுத்து முழுவதையும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

அடுத்த மாதம் கிராணி கண் ஆபரேஷனுக்காக நீண்ட விடுப்பில் போனார். அந்த நேரத்தில்தான் சர்வர் நிறைந்துவிட்டது என்று சொல்லி, சிரம்பானிலிருந்து கணினி ஆள் வந்தார். ரஹாங்கைச் சேர்ந்த தமிழர், நல்ல மாதிரி. இனி அறுபது நாளுக்கு மேற்பட்ட கடிதங்கள் தாமாகவே அழிந்துவிடும், பட்டியலில் உள்ள இடங்களிலிருந்து வந்தவை மட்டும் நிற்கும் என்றார். பட்டியலை யார் சொல்வது? மானேஜர் என்னைக் காட்டினார். எதை வைப்பது, எதை எரிப்பது என்று இவனுக்குத்தான் தெரியும் என்றார்.

நான் சொன்னேன். நில அலுவலகம், தொழிற்சங்கம், ஆலை, தலைமை அலுவலகம். கணினி ஆள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார்.

“தனியாளுங்க எழுதினது ஏதாச்சும் வச்சிக்கணுமாண்ணே?”

துரையின் கடிதம் மனதில் வந்தது. நாங்கள் தலைமை அலுவலகம் வழியாக எழுதினோம், பதிலும் அதே வழியாகத்தானே வந்திருக்கும், அது தலைமை அலுவலகக் கணக்கில் நிற்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். மானேஜர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். சொந்த விஷயத்தை அவர் முன்னால் எப்படிக் கேட்பது?

“வேணாம் தம்பி” என்றேன்.

நேர்காணல் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமைதான் கிராணி கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பினார். துரையின் கடிதத்தைத் தேடினார். திரையில் மேலே போனார், கீழே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தேடினார். துரையிடம் கணினி இல்லை, தன் மகளுடைய முகவரியிலிருந்து நேராக எழுதியிருந்தார் என்று அப்போதுதான் சொன்னார். அந்த முகவரியும் அந்தக் கடிதத்தில் மட்டும்தான் இருந்தது.

ஆபீஸ் தொலைபேசியை அதுவரை நான் தொட்டதில்லை. அன்றைக்கு நானே கணினி ஆளைக் கூப்பிட்டேன். வாரத்துக்கு ஒன்றாக நான்கு டேப்பில் எல்லாவற்றுக்கும் நகல் இருக்கிறது, தேடிப் பார்க்கிறேன் என்றார். மறுநாள் காத்திருக்க முடியாமல் பஸ் ஏறி சிரம்பானுக்கே போய்விட்டேன். அவர் டேப்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று, ஒன்றும் புரியாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவதும் முடிந்தது.

“போன வாரம் வந்திருந்தா கெடைச்சிருக்கும்ணே. ஐஞ்சாவது வாரம் பழைய டேப் மேலயேதான் புதுசு ஏறும்.” டேப்பை வெளியே எடுத்துவைத்துவிட்டு, “அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே” என்றார்.

அன்று மாலையே கிராணி துரையின் பழைய முகவரிக்குத் தபால் எழுதிப் போட்டார். துரைக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்தத் தபாலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

சனியும் ஞாயிறும் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன். திங்கள் காலை அவள் சேலையை மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன். ஊக்கைக் குத்தி முடித்தாள். “வாங்க, போவோம்” என்றாள்.

பதிவிலாகாவில் அதிகாரியின் முன்னால் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அவர் கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தேன். ஆற்றுத் தண்ணீர் ரப்பர்ப் பால் கொட்டகைவரை ஏறிய வாரம். மருந்தகத்து டிரெசரால் நடந்து வர முடியவில்லை, துரைதான் ஜீப்பில் ஏற்றிவந்தார். வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. மூன்றாம் லயத்து வரிசையில் கடைசி வீடு. புல்வெட்டு ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரான தகப்பன் வாசலில் அரிக்கன் விளக்கோடு நின்று, பெண் பிறந்திருக்கிறது துரை என்று சொல்லிச் சிரித்தான். துரை எழுதியதில் ஒன்றையும் நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை.

அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கையை நீட்டினார்.

“சூராட் மானா, எஞ்சிக்?” கடிதம் எங்கே ஐயா என்று கேட்டார்.

என்னிடம் கடிதம் இல்லை. கையெழுத்தும் முத்திரையும் உள்ள தாள் இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மரியாதையாகவே சொன்னார். ஃபைலை மூடினார். வேண்டுமானால் முதலிலிருந்து மனுப் போடலாம் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கைப்பைக்குள் அந்தச் சிவப்பு கார்டு இருந்தது.

“வாயத் தொறக்க வேண்டிய எடத்துல தொறக்க மாட்டீங்க” என்றாள். “இன்னிக்கு ஆபீசர்கிட்ட அம்புட்டும் பேசுறீங்க.”

நான் பஸ் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

செம்பனைத் தோட்டம் தொடங்கிய இடத்தில் என் பக்கம் திரும்பினாள்.

“எங்கப்பா சிரிச்சாருன்னா துரை எழுதியிருந்தாரு?”

“ஆமா.”

அவளுக்கு நான்கு வயதானபோது செத்துப்போனவர் அவர். ஒரு போட்டோகூடக் கிடையாது.

“மலாய்ல எனக்குப் பாதி வெளங்கல. தமிழ்ல சொல்லுங்க” என்றாள்.

எங்கள் தோட்டத்து முச்சந்தி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.