அம்மா பாடிய கடலோரக் கடை

நேற்று பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் சம்பல் மிளகாய் விழுது தடவிய திருக்கை மீனை வாழையிலையில் சுடும் வாசனை வந்ததும், போர்ட் கிள்ளானில் கடலுக்கு மேல் மரக்கால்களில் நின்ற, இன்று அடையாளமே இல்லாமல் போய்விட்ட சாப்பாட்டுக் கடைக்குள் போய்விட்டேன். சிறுவயது ஞாயிறு மாலைகளில் பலகைத் தரைக்கு அடியில் அலை சளசளக்க, கீபோர்டில் மலாய்ப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் மாறி மாறி ஒலிக்க, அம்மா தலைநிமிராமல் எனக்கு மீன்முள் எடுத்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் புதிதாக வந்திருந்த கிதார்காரர் எங்கள் மேசையருகே திகைத்து நின்று அம்மாவையும் அப்பாவையும் பார்த்தார்.

“சரசு, நீங்களா? அண்ணே, கல்யாணத்துக்கு முன்னாடி எங்க பேண்ட்ல இவங்கதான் பாடுவாங்க லா!”

அவர் பாடச் சொல்லி அழைக்க, அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறினாள். வீட்டில் முணுமுணுத்துக்கூடக் கேட்டிராத அவளிடமிருந்து அப்படியொரு குரல் எழுந்ததும் அப்பா பிசைந்த சோற்றை மறந்து வாய்பிளந்து உட்கார்ந்திருந்தார்.

வீடு திரும்பும்போது காரில் அப்பா கேட்டார்.

“ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“பொண்ணு பாக்க வந்தப்ப பாடத் தெரியுமான்னு உங்கம்மா கேட்டாங்க. மேடையில பாடுற பொண்ணுன்னா வேணாம்னுடுவீங்கன்னு பயந்து எங்கம்மா தெரியாதுன்னுட்டாங்க. நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்.”