ராஜகீழ்ப்பாக்கத்துச் சேனல்

ஊரப்பாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்றே, என் மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கிளம்பலாமாங்க? இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்."

முதல் நாள் பத்தொன்பது முறை கேட்டாள். மறுநாள் முப்பத்து நான்கு. எதையும் எண்ணிக்கொண்டிருப்பது என் வியாதி. அவளுடைய வியாதி மறதி. டாக்டர் அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவளைத் தனியாக வைத்துக்கொண்டு என்னால் சமாளிக்க முடியவில்லை. கேஸைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்துபோய் ஹாலில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அதனால்தான் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்தோம்.

"இனிமே இதுதான் நம்ம வீடு" என்றால், டிவியைக் காட்டிக் கேட்பாள்: "நம்ம வீடுன்னா, ஏன் நம்ம சேனல் வரலை?"

அவள் கேட்டது ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் பகுதிக் கேபிள்காரர் சொந்தமாக நடத்தும் சேனல். மத்தியானம் ஏதாவது பழைய படம் போடுவார்கள். படத்துக்கு அடியில் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஜங்ஷன் ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி, பல் டாக்டருக்கு ஞாயிறு விடுமுறை, யார் வீட்டுக் குழந்தைக்கோ பிறந்தநாள், யாருக்கோ கண்ணீர் அஞ்சலி. அவள் படத்தைப் பார்க்க மாட்டாள். அந்த எழுத்தைத்தான் வாய்விட்டுப் படிப்பாள். பேரன் பெயரை மறந்தவள் அந்த ஜவுளிக்கடையை மறக்கவில்லை.

மகள் வீட்டில் எல்லாம் நெட்டில்தான் பார்க்கிறார்கள். கேபிள் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். "அதுல வர்றதெல்லாம் இதுலயும் வருதேப்பா" என்று மகள் அலுத்துக்கொண்டாள். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சேனல். அது வந்துவிட்டால் இவள் கைப்பையை இறக்கி வைத்துவிடுவாள் என்று நம்பினேன்.

மூன்றாம் நாள் ஊரப்பாக்கத்துக் கேபிள்காரர் வந்தார். பழைய வீட்டிலிருந்து துண்டில் சுற்றி எடுத்துவந்திருந்த செட்டாப் பாக்ஸை அவரிடம் நீட்டினேன்.

"இன்னா சார், பச்சக் கொழந்தைய சுத்தினா மாதிரி சுத்தி வச்சிகிறீங்க?"

"இதையே மாட்டுங்க. இதுல எங்க ராஜகீழ்ப்பாக்கம் சேனல் இருக்கு."

அவர் சிரித்தார். "பாக்ஸுக்குள்ளயா சேனல் கீது? அது அவுங்க ஏரியா சார். அவுங்க சேனலு அவுங்க ஒயரோட முடிஞ்சிடும். இங்க இந்த பாக்ஸு சும்மா டப்பா."

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதித்தவன் நான். இது எனக்குத் தோன்றவில்லை. "அவங்ககிட்ட சொல்லி ஒரு ஒயர் இழுக்க முடியாதா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

"தாம்பரத்தத் தாண்டி ஒயரா? பேஜார் பண்ணாதீங்க சார். உங்க ஒரு வூட்டுக்கு ரயில்வே லைன் மாதிரி போடணும்!"

அப்போது கதவோரத்திலிருந்து, "கிளம்பலாமாங்க?" என்றாள் அவள். கேபிள்காரர் அவளையும் அவள் மடியில் இருந்த பையையும் பார்த்தார். பிறகு கேலி பேசவில்லை. வேறு பாக்ஸை மாட்டினார். ரிமோட்டை எடுத்துத் தேடி ஒரு சேனலில் நிறுத்தினார்.

"அம்மா, இது எங்க லோக்கல் சேனல். இதுலயும் அடியில எழுத்து ஓடுது பாருங்க."

அவள் எழுந்து வந்தாள். டிவிக்கு அருகில் குனிந்து படித்தாள். "ஊரப்பாக்கம்... ஸ்டேஷன் அருகில்... மாடுலர் கிச்சன்..." நான் அவள் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்தாள்.

"இது வேற ஊருப்பா."

தப்பே இல்லாத பதில்.

"தம்பி, வேலை முடிச்சுப் போறப்ப என்னை ராஜகீழ்ப்பாக்கத்துல இறக்கி விட்டுடறியா? எங்க வீட்டுக்காரர் தனியா இருப்பார்."

கேபிள்காரர் தடுமாறி என்னைக் கைகாட்டினார். "அவரு இங்கதாம்மா கீறாரு."

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். அந்நியர் முன்னால் செய்வதுபோல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இல்லப்பா. இவர் யாரோ பாவம், ரெண்டு நாளா கூடவே இருக்கார்." பிறகு என்னிடம், "நீங்க அந்தப் பக்கம் போவீங்களா, சார்?" என்றாள்.

நாற்பத்தாறு வருஷத்தில் அவள் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"போவேம்மா" என்றேன்.

"அப்ப அவர்கிட்ட சொல்லிடுங்க. ரசம் ஃபிரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்கச் சொல்லுங்க. சொல்லலைன்னா அவரா எடுத்துப் போட்டுச் சாப்பிட மாட்டார்."

"சொல்றேன்" என்றேன்.