பீரோவுக்குப் பின்னால் நின்ற தண்ணீர்

"எவ்விதத் தன்னலமும் இன்றி, விருப்பு வெறுப்பு அற்ற நடுநிலையோடு, வெள்ளப் பரப்பு வரைபடத் திருத்தப் பணிக்குத் துணைநின்ற பொதுநல நோக்குடைய முன்னோடி விவசாயி" என்று ஊஞ்சப்பாளையம் பாலுசாமியைப் பற்றி அரசாங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. குடியரசு தினத்தன்று கொடுத்த சான்றிதழ். கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலில் நுழைகிறவர் தலையில் இடிக்கிற மாதிரி மாட்டியிருக்கிறார்.

இதில் 'விவசாயி' என்ற சொல்லை ஊர் ஒப்புக்கொள்கிறது. மற்றதெல்லாம் தகராறுதான். 'முன்னோடி'கூடப் பொருந்தாது. ஐம்பது வயது வரைக்கும் அவர் ஒருவருக்குப் பின்னாலேயே ஓடியவர். அந்த ஒருவர் அவருடைய சித்தப்பா மகன் திருமூர்த்தி.

திருமூர்த்தி போர் போட்டார். தண்ணீர் பீறிட்டு வந்தது. அடுத்த வாரமே பாலுசாமி போட்டார். புகை மாதிரி மண் வந்தது. திருமூர்த்தி கலர் டிவி வாங்கினார். பாலுசாமி அதைவிடப் பெரியதாக வாங்கினார்; படம் ஆடிக்கொண்டே இருந்தது. திருமூர்த்திக்கு எட்டு ஏக்கர், தார் ரோட்டை ஒட்டி. பாலுசாமிக்கு நாலு ஏக்கர், ஊஞ்சப்பள்ளத்து ஓடைக்கு அக்கரையில், கொஞ்சம் தாழ்வாக. பாட்டன் சமமாகத்தான் பிரித்தார், திருமூர்த்தியின் அப்பா பக்கத்துக் காட்டையும் வாங்கிச் சேர்த்துவிட்டார். அதற்குப் பாலுசாமி தன் அப்பாவை மன்னிக்கவே இல்லை. மகள் சண்முகப்பிரியா பத்தாவதில் திருமூர்த்தி மகன் மிதுனைவிட அதிக மார்க் வாங்கிய வருஷம் ஒன்றுதான் அவருடைய பொற்காலம். அந்த வருஷம் வெங்காயம் முழுக்க அழுகிப்போனதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை.

திருமூர்த்தி ரோட்டோரத்தில் மொட்டை மாடி வைத்து வீடு கட்டியபோது பாலுசாமி தினமும் போய் நின்றார். எந்த அறைக்கு எந்தப் பக்கம் ஜன்னல், மொசைக்கில் எத்தனை நிறம், எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கட்டிய கொத்தனாருக்குக்கூட அவ்வளவு ஞாபகம் இருந்திருக்காது. கொத்தனாருக்குக் கூலி மட்டும்தானே.

தொண்ணூற்று மூன்றில், ஐப்பசி மாதம், நாலு நாள் அடைமழைக்குப் பிறகு மேலே இருந்த குளத்தின் கரை உடைந்தது. ஊஞ்சப்பள்ளம், பெயருக்குப் பள்ளமே தவிர ஆடு தாண்டுகிற ஓடை, ஒரே ராத்திரியில் நொய்யலைப் போல அகன்றது. ஊர் மேட்டில் இருந்ததால் பாலுசாமியின் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. திருமூர்த்தியின் புது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. குடும்பம் மொட்டை மாடியில் உட்கார்ந்து தப்பித்தது.

தண்ணீர் வடிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றவர் பாலுசாமி. சேறு வாரினார். மொசைக்கைத் தேய்த்துக் கழுவினார். குப்புற விழுந்து கிடந்த ஈட்டி மர பீரோவை இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து நிமிர்த்திச் சுவரோரம் வைத்தார். வைப்பதற்கு முன் சுவரை ஒரு பார்வை பார்த்தார். பச்சை டிஸ்டெம்பர் மேல் செம்மண் கோடு, சுவிட்சுப் பெட்டிக்கும் மேலே, நெஞ்சு உயரத்துக்கு. அன்றைக்கு அவரைப் போல உழைத்தவர் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

"சொந்தக்காரனுக்கு ஒரு கஷ்டம்னா எப்படி ஓடறீங்க பாருங்க!" என்று மனைவி செல்லாத்தாள் மெச்சினாள். இரண்டாவது தட்டைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

நிவாரணம் கொடுக்க வந்தபோது ஊரில் எல்லார் வீட்டிலும் தண்ணீர் கழுத்தளவு நின்றிருந்தது. அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு தை வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது வழக்கம்தான் என்றாலும், அந்த வருஷம் மாட்டுக் கொட்டகைக்கும் மோட்டார் ரூமுக்கும்கூட இரண்டு கை அடித்தார்கள். திருமூர்த்தி காந்திபுரத்திலிருந்து பெயிண்டர்களையே கூட்டி வந்தார். காரணம், பொங்கலுக்கு முன்பே ஒரு செய்தி வந்திருந்தது. பள்ளத்தை ஒரு நூல் இழையாகக் காட்டிய பழைய வரைபடம் இனிச் செல்லாது; தண்ணீர் எதுவரை வந்ததோ அதுவரைக்கும் புதிதாகச் சிவப்புக் கோடு போடுவார்கள்; கோட்டுக்குள் வீடு கட்ட அனுமதி இல்லை, சைட் பிரித்து விற்கவும் முடியாது. சூலூர்ப் பக்கம் பருத்திக் காடெல்லாம் கல் நட்டு சைட் ஆகிக்கொண்டிருந்த காலம் அது. யாருக்குத்தான் சிவப்பு பிடிக்கும்?

மாசியில் இளநிலைப் பொறியாளர் அமீர் ஹம்சா வரைபடத்தோடு வரப்போகிறார் என்று தெரிந்த அன்று சாயங்காலம், திருமூர்த்தி பாலுசாமியின் வீட்டுக்கு வந்தார். அவராக வந்ததே அபூர்வம்.

"அண்ணா, நாளைக்கு என்ஜினீயர் வாராருங்க. ஊர்ல எல்லாரும் தண்ணி கரண்டைக்கால் அளவுதான்னு பேசி வெச்சிருக்கறம். நீங்களும் அதையே சொல்லிப்போடுங்க."

"கரண்டைக்காலா? உன்ற பீரோ கரண்டைக்கால் தண்ணிலயாப்பா குப்புற உழுந்துச்சு?"

திருமூர்த்தி சிரித்தார். "கோடு மேல போனா எனக்கு மட்டுமாங்க நட்டம்? உங்க நாலு ஏக்கரும்தான் உள்ள போயிரும். பிரியா கல்யாணத்துக்கு வேற என்ன வெச்சிருக்கறீங்க? கோடு பள்ளத்தோட நின்னுட்டா, நானே உங்க பூமியையும் சேத்து வித்துக் குடுத்தர்றன். பார்ட்டிகூட ரெடிங்க. பேரு வரைக்கும் வெச்சாச்சு."

"என்ன பேரு?"

"திருமூர்த்தி நகருங்க. உங்குளுது அக்கட்டால இருக்கறதுனால 'திருமூர்த்தி நகர் விரிவு'ன்னு போட்டுக்கலாமுங்க."

பாலுசாமி காப்பியைக் குடிக்கச் சொன்னார். வண்டி வரைக்கும் போய் வழியனுப்பினார். உள்ளே வந்ததும் செல்லாத்தாள் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"ஏனுங்க, அந்த மனுசன் நல்லதுக்குத்தான சொல்றாரு. வாயத் தொறக்காம இருந்தீங்கன்னா புள்ள கல்யாணம் முடிஞ்சுது."

"விரிவாமா. கேட்டயா? என்ற பூமி அவனுக்கு விரிவு."

"பேர்ல என்னங்க இருக்குது?"

"நான் செத்தாலும் என்ற பூமில குடியிருக்கறவன் 'திருமூர்த்தி நகர்'னு கவர் மேல அட்ரஸ் எழுதுவான்."

"மூக்கு உங்குளுது. அவருக்குச் சகுனத் தடை பண்ண அதைய அறுத்துப்போடாதீங்க, நான் அவ்வளவுதான் சொல்லுவேன்" என்று அவள் விளக்கைப் போடப் போய்விட்டாள்.

மறுநாள் அமீர் ஹம்சா வீடு வீடாக வந்தார். எல்லாச் சுவரும் பளிச்சென்று இருந்தது. எல்லா வாயும் கரண்டைக்கால் என்றது. அவர் பையிலிருந்து நிவாரண மனுக்களை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐப்பசில கழுத்து, மாசில கரண்டைக்கால். உங்க ஊர்ல ஆள்களே நாலு மாசத்துல வளந்துட்டாங்களா?" என்றார். எல்லாரும் மரியாதையாகச் சிரித்தார்கள். பதில் மட்டும் மாறவில்லை. நிவாரணத்துக்கு எழுதியதை யார் அப்படியே எடுத்துக்கொள்வார்கள்? அவருக்கு ஒரு சுவரில் ஒரு கறை போதும். அதுதான் இல்லை.

கடைசியாகத் திருமூர்த்தியின் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். மோர் வந்தது. கூடம் ரோஜா நிறத்தில் பளபளத்தது. மூலையில் ஈட்டி மர பீரோ, அசைக்க முடியாத சீதனம்.

"நீங்க என்னங்க சொல்றீங்க?" என்று அவர் கூட்டத்தோடு வந்து நின்ற பாலுசாமியிடம் கேட்டார், சம்பிரதாயத்துக்கு.

திருமூர்த்தி அண்ணனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பாலுசாமி சுவரைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார். பெயிண்டர்களை அவருக்குத் தெரியும். கனமான சாமானை நகர்த்தாமல் சுற்றி அடித்துவிட்டுப் போகிற ஆட்கள். இந்த வீட்டில் எது எங்கே நகர்ந்தது, எது நகரவில்லை என்று அவரைத் தவிர யார் கவனித்திருக்கப் போகிறார்கள்?

"அந்தப் பீரோவக் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க" என்றார்.

"அண்ணா!" என்றார் திருமூர்த்தி. அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. ஐம்பது வருஷத்தில் பாலுசாமி கேட்ட முதல் கெஞ்சல்.

நாலு பேர் தள்ளினார்கள். பின்னால் ஓர் ஆள் அகலத்துக்குப் பழைய பச்சைச் சுவர் அப்படியே இருந்தது. அதில் செம்மண் கோடு, நெஞ்சு உயரத்துக்கு, ஸ்கேல் வைத்துப் போட்டது போல.

அதன் பிறகு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் இங்கே இந்த மட்டத்துக்கு நின்றால் அக்கரையிலும் இதே மட்டத்துக்குத்தான் நின்றிருக்கும். லெவல் கருவியை முக்காலியில் வைத்துப் பள்ளத்தைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். பாலுசாமியின் வயலில் நட்ட அளவுகோலில் கோடு அவர் தலைக்கு மேலே வந்தது.

"உங்க பூமி மொத்தமும் உள்ள போகுதுங்க" என்றார் அமீர் ஹம்சா. அவருக்கே சங்கடமாக இருந்தது. "தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"தெரியுமுங்க."

"பரவாயில்லீங்களா?"

"அவன்ற எட்டு ஏக்கரும் போகுதுங்களா? மொதல்ல அதைச் சொல்லுங்க."

"ரோட்டோரம் மேடா இருக்கற ஒரு துண்டு தப்பும்."

"எவ்வளவு துண்டு?" என்று பாலுசாமி கவலையோடு கேட்டார்.

அமீர் ஹம்சா இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார். நாலு ஏக்கரை இழந்துவிட்டுச் சிரிக்க வைக்கிற மனிதரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. சான்றிதழுக்குப் பரிந்துரை எழுதியது அவர்தான்.

குடிசைக்காரர்களுக்குப் பள்ளத்தோரம் புறம்போக்கில் இலவச வீடு கட்டித் தருவதாக இருந்த திட்டமும் சிவப்புக் கோட்டால் மேட்டுக்கு மாறியது. அவர்களில் ஒருத்தி, வெள்ளத்தன்று தாழ்விலிருந்த பள்ளிக்கூடத்து ஓட்டின் மேல் விடிய விடிய உட்கார்ந்திருந்த மயிலாத்தாள் வந்து, "உங்களாலதானுங்க எங்களுக்கு மேடு கெடச்சுது" என்று கும்பிட்டாள்.

"உங்களுக்காகச் சொல்லலீம்மா" என்றார் பாலுசாமி. அவர் வாழ்க்கையில் மிக நேர்மையாகச் சொன்ன வாக்கியம் அதுதான். மயிலாத்தாள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

பிரியாவின் கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளி, சின்னதாக நடந்தது. செல்லாத்தாள் அதைச் சொல்லிக்காட்டாத நாள் குறைவு. திருமூர்த்தி மிஞ்சிய துண்டில் தறி ஷெட் போட்டார், சுமாராக ஓடுகிறது. கல்யாணத்துக்கு வந்தவர் வாசலில் சான்றிதழில் இடித்துக்கொண்டு, நின்று முழுவதும் படித்தார். பிறகு மிதுனிடம், "இதெல்லாம் யாரப் புடிச்சா குடுப்பாங்க, விசாரி" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பந்தலில் நின்ற பாலுசாமிக்கு அது கேட்டுவிட்டது. அன்றைக்கும் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அவர் செய்தது இதுதான்: பீரோவைத் தள்ளச் சொன்னார், தண்ணீர் எதுவரை நின்றதோ அந்த இடத்தைக் காட்டினார்.