தண்ணி பிளக் கழற்றிய வெள்ளிக்கிழமை

எஞ்சின் பிளொக்கின் பக்கவாட்டில், கை எட்டாத கீழ்ப்புறத்தில், சதுரத் தலையோடு இருக்கும் இரும்புத் திருகைத் தண்ணி பிளக் என்போம். அதைக் கழற்றினால்தான் உள்ளே கிடக்கும் பழைய தண்ணீரும் துருச் சேறும் வெளியே வரும். லிங்கநகரில் இருந்த ஓவசியர் ஒருவரின் பழைய மொரிஸ் காரில் அது துருவேறிக் கிடந்த கோலம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மனுசன் வருசக்கணக்காக உவர்க் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி ஓடியிருந்தார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் நானும், அண்ணன் முறையில் நான் நானா என்று கூப்பிடும் கிண்ணியாக்காரரும் பங்காகக் கராஜ் வைத்திருந்த காலம் அது. இப்படிப்பட்ட வேலைக்கு நானாவிடம் ஒரு முறை இருந்தது. கழற்றுவதற்கு முன் ஒரு மயிரிழை இறுக்குவார். பிறகு சுற்றிவரச் சூடாக்குவார், மெழுகுதிரியை இடுக்கில் தொட்டு உருக விடுவார், ஆறவிடுவார், திரும்பவும் சூடாக்குவார். பார்த்துக்கொண்டு நிற்கிற எனக்கு எரிச்சல் வரும். ஒரு பிளக்குக்கு அரை நாளா! ஆனால் பழைய கார் வைத்திருந்த எல்லோரும் அவருடைய கையைத்தான் தேடி வந்தார்கள், என்னையல்ல. அது எனக்கு உள்ளூர உறுத்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படும்போது, "தம்பி, அதில கை வைக்காதீங்க. நான் வந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பசி, களைப்பு, போதாததற்கு வெயில். ஸ்பனரில் நீளக் குழாயொன்றைச் செருகி என் முழுப் பாரத்தையும் போட்டேன். 'டக்' என்றது. பிளக் இளகிவிட்டது என்று சந்தோசப்பட்டுக் குனிந்து பார்த்தால், பிளொக்கில் மெல்லிய வெடிப்பு. பழைய வார்ப்பிரும்பு, வெடித்தால் வெடித்ததுதான். வெடிப்பின் மேல் கிரீஸைத் தடவிவிட்டுச் சோறு தின்னப் போய்விட்டேன்.

நானா வந்து தன் முறைப்படி எல்லாம் செய்தார். பிளக் சுகமாகக் கழன்றது. சூட்டில் கிரீஸ் உருகித் தெரிந்த வெடிப்பைக் கண்டதும், தான்தான் சூட்டைக் கூட்டி வெடிக்கவைத்துவிட்டதாக எண்ணித் தலையில் கைவைத்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். போடவிருந்த புதுப் பித்தளை பிளக் அவர் மடியில் கிடந்தது. ஓவசியர் வந்து பார்த்தார், ஒரு சொல் ஏசவில்லை, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். அடுத்த கிழமையே நானா, "என்ட கைய இனி நம்பேலாது தம்பி, நீங்களே பாத்துக்கொள்ளுங்க" என்று கராஜை என்னிடம் விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்வோம், சொல்வோம் என்றே பதினொரு வருசம் போயிற்று.

போன மாதம் உப்புவெளியிலிருந்து அதே மாதிரி ஒரு கார் வந்தது. என் தோள் இப்போது தூக்க முடியாத தோள், குனியவும் ஏலாது. நானாவைக் கூட்டிவரலாம் என்று பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். மருமகனின் பலசரக்குக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தேத்தண்ணி வந்தது. விசயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, வேணாம் தம்பி. இன்னொரு மனுசன்ட காரையும் உடைக்கவா?" என்று சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் சொன்னேன். "நீங்கள் உடைக்கேல்லை நானா. நான்தான் உடைச்சனான். நீங்கள் பள்ளிக்குப் போன நேரம்."

ஏசுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தராசில் கிடந்த பருப்பைத் திரும்பச் சாக்கில் கொட்டினார்.

"ஓவசியர் இருக்காரா?"

"இல்லை நானா. செத்து மூண்டு வருசம்."

"அப்ப, நான் உடைச்சதெண்டு நினைச்சிட்டுத்தான் போயிருக்கார்" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. நான் அதைக் குடித்து முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.