நாளே பா

மர்பி டவுனில் எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவள் அல்போன்சா அக்கா. கார்ப்பரேஷன் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணை அவள் வாசலில்தான் கொட்டினார்கள். அதில் ஏறி இறங்கித்தான் வீட்டுக்குள் போகணும். புகார் எழுதிக்கொண்டு நாலு மாதம் ஆபீஸுக்கு அலைந்தாள். இன்ஜினியர் மகராசன் தலையைக்கூட நிமிர்த்தாமல் கன்னடத்தில், "நாளே பா" என்பான். நாளைக்கு வா.

அந்த வருஷம் எங்கள் தெருவில் பேய்ப் பயம். கதவில் "நாளே பா" என்று எழுதி வைத்தால், பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். எல்லோரும் எழுதினோம். அக்கா மட்டும் நான் நீட்டிய சாக்பீஸைத் தூக்கி எறிந்தாள்.

"தினம் இதைக் கேட்டுட்டுத் திரும்பி வர்றவ நான். இதையே நானும் எழுதுவேனா? வரட்டும்டி அந்தப் பேய். ரெண்டு பேரும் சேர்ந்தே ஆபீஸுக்குப் போறோம்!"