மாமாவின் காலில் இரண்டு ஒட்டு

“இதுக்கு மேல பட்டை சுத்தினது யாரு?” என்று நர்ஸ் அக்கா கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். வாய்தான் திறக்கவில்லை. அந்த மதியத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மாமாவைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது.

மாமா என் அம்மாவின் தம்பி. பஸ் டிப்போவுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அரத்தால் தேய்த்து, பசை தடவி, ஒட்டு வைத்து, கிளாம்பில் மாட்டித் திருகுகிறார். “பசை யார் வேணா தடவலாம். அழுத்தம் குடுக்கத் தெரியணும். என் ஒட்டு பிரிஞ்சு எவனாவது திரும்பி வந்திருக்கானா, சொல்லு” என்பார். யாராவது திரும்பி வந்தாலும், “இது வேற ஓட்டைங்க, நான் போட்டது கல்லு மாதிரி இருக்கு பாருங்க” என்று காட்டாமல் விடமாட்டார்.

ஒரு நாள் லாரிக்குச் சக்கரம் மாற்றும்போது ஜாக்கி நழுவியது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு உடைந்தது. எலும்பைக் கம்பி வைத்துச் சேர்த்துவிட்டார்கள். அதன் மேல் இருந்த தோலும் சதையும் உள்ளங்கை அகலத்துக்குப் போய்விட்டது. டாக்டர் அத்தையிடம் சொன்னார்: “எலும்பு வெளிய தெரியுதும்மா. உயிருள்ள சதையால மூடணும். மூடலன்னா சீழ் பிடிச்சு, கடைசியில காலை எடுக்க வேண்டி வரும்.”

கெண்டைக்காலில் ஒரு துண்டுத் தோலை அடிச்சதையோடு அறுத்தார்கள். முழுவதும் துண்டிக்காமல் ஒரு ஓரத்தைக் காலோடு விட்டு, அப்படியே திருப்பி எலும்பின் மேல் வைத்துத் தைத்தார்கள். அந்த ஓரத்தின் வழியாகத்தான் அதற்கு ரத்தம் வந்து போகும். துண்டு எடுத்த பள்ளத்தில் தொடையிலிருந்து சீவிய மெல்லிய தோலை வைத்து, பஞ்சு அடைத்து இறுக்கிக் கட்டினார்கள். ஆக, ஒரே காலில் இரண்டு ஒட்டு.

அத்தைக்குத் தையல் கம்பெனியில் வேலை. நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு எடுத்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பள்ளி முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள் நான். “நீ சும்மாதானே இருக்கே” என்றார்கள். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூல் எனக்கு வந்தது. முன் ஒட்டின் மேலிருந்த கட்டுத்துணியில் ஒரு சின்ன ஓட்டை விட்டிருந்தார்கள். மணிக்கு ஒருமுறை நர்ஸ் அக்கா அதில் விரலை வைத்து அழுத்தி எடுப்பார். வெளுத்து, மறுபடி சிவக்க வேண்டும். “நீயும் பாத்துக்கிட்டே இரு” என்றார். பார்த்தேன். நாலு நாளில் எனக்குத் தூக்கத்திலும் அந்த ஓட்டைதான் தெரிந்தது.

நாலாம் நாள் காலை டாக்டர், தன்னோடு வந்த பயிற்சி டாக்டரிடம், “நல்லா அழுத்திக் கட்டியிருக்கீங்கல்ல? அழுத்தம் இல்லன்னா ஒட்டாது” என்றார். மாமா அதைக் கேட்டுவிட்டார். மதியம் வரை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“பாத்தியா, பின்னால டைட்டா கட்டியிருக்காங்க. முன்னாலதான் பெரிய ஒட்டு. அதை லொடலொடன்னு விட்டுட்டாங்க.”

“டாக்டருக்குத் தெரியாதா மாமா?”

“அவருக்குத் தெரியும். கட்டினது அந்தச் சின்ன டாக்டரு. மறந்திருப்பாரு.”

“நர்ஸ் அக்காகிட்ட கேக்கட்டுமா?”

“கேட்டா அந்தச் சின்ன டாக்டருக்குத் திட்டு விழும். பாவம், தூங்காத முகம். மேசை மேல இருக்கற அந்த எலாஸ்டிக் பட்டையை எடு.”

நான் எடுத்தேன். சுற்றினேன்.

“இன்னும். இன்னும் கொஞ்சம். என்ன பரிசுப் பொட்டலமா கட்டறே? இறுக்கு.”

இறுக்கினேன். மாமா நிம்மதியாகக் கண்ணை மூடினார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை. நானும் ஸ்டூலில் சாய்ந்தபடி தூங்கிவிட்டேன். காலை பத்து மணிக்குப் பார்த்துவிட்டுப் போன நர்ஸ் அக்கா, புதிதாக வந்த விபத்துக் கேசில் மாட்டிக்கொண்டு மூன்றுக்குத்தான் வந்தார்.

பட்டையை அவிழ்த்ததும் அடியில், கட்டின் ஓட்டையில் தெரிந்த சதை கத்தரிக்காய் நிறத்தில் உப்பியிருந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“நான்தாம்மா. நானே குனிஞ்சு கட்டினேன்” என்றார் மாமா.

“திரும்பிப் படுக்கவே ரெண்டு பேர் வேணும். நீங்க குனிஞ்சீங்களா?”

டாக்டர் ஓடி வந்தார். “திட்டறதுக்குக் கேக்கலைங்க. எப்பக் கட்டினது? காலையிலேர்ந்து இருந்தா சதை செத்திருக்கும், இப்பவே தியேட்டருக்குக் கொண்டு போகணும். இப்பதான் கட்டினதுன்னா காப்பாத்திப் பாக்கலாம். நேரம் சொல்லுங்க.”

“தூங்கிட்டேன் சார். தெரியல.”

அந்த நேரம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“நான்தான் கட்டினேன் சார். ஒன்றரை மணிக்கு. ஒரு மணிக்கு நான் பாத்தப்ப சிவப்பாத்தான் இருந்துச்சு.”

டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். இரண்டு தையலைப் பிரித்தார். ஊசியால் குத்தினார். மை போலக் கறுத்த ரத்தம் வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குத்திக் குத்தி, ஐந்து மணிக்குத்தான் சிவப்பாக வந்தது.

அதற்குப் பிறகுதான் மாமாவிடம் விளக்கினார். “பின்னால வெச்சது வெறும் தோல். அடிச்சதையோட ஒட்டி, அதுலேர்ந்து ரத்தம் ஊறணும். அதான் அழுத்தறோம். முன்னால இருக்கறது ரத்தக்குழாயோட வந்தது. அதை நசுக்கினா உள்ள போன ரத்தம் திரும்பி வர வழியில்லை.”

மாமா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “காத்து போற குழாய் மேலயே கிளாம்பு போட்டிருக்கேன்” என்றார்.

அத்தை வேலை முடிந்து சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். நடந்ததை முழுதும் கேட்கக்கூடத் தெம்பில்லை. “கால் இருக்கா?” என்றார். இருக்கு என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

ஒட்டின் ஓரம் விரல் அகலத்துக்குக் கறுத்து உதிர்ந்தது. அதற்காக இன்னொரு ஆபரேஷன், இன்னும் மூன்று வாரம். இப்போது மாமா கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். குந்த முடியாது; உயரமான பெஞ்சு போட்டு உட்கார்ந்து கிளாம்பைத் திருகுகிறார். யாராவது காலைப் பற்றிக் கேட்டால் பேண்டைத் தூக்கி, “இது நான் கெடுக்கப் பாத்த ஒட்டு” என்று காட்டுகிறார். என் பெயரைச் சொல்வதில்லை.

அதனால் நானே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படிக் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தால், அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கட்டுத்துணி மேல் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வைத்துவிட்டிருந்தால், எத்தனை மணிக்கு என்பதை உடனே சொல்லிவிடச் சொல்லுங்கள்.